வினா ஆறு, விடை எட்டு: வட சிலாங்கூர்த் தோட்டப்புறமும் ஊராட்சி மன்றக் கேள்விகளும்

முன்னுரை

குப்பை வண்டி வரவில்லை, வடிகால் அடைத்துக்கொண்டது, தெருவிளக்கு எரியவில்லை என்றால் நம்மில் பலர் முதலில் தேடிச் செல்வது சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தைத்தான். ஆனால், இவை யாவும் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பில் உள்ளவை. சந்தையும் அங்காடிக் கடைகளும் விளையாட்டுத் திடலும் கட்டட அனுமதியும் நிலப் பயன்பாட்டுத் திட்டமும் அவ்வாறே. நம் அன்றாட வாழ்வை மிக நெருங்கித் தொடும் அரசு ஊராட்சி மன்றமே. எனினும், நாம் மிகக் குறைவாக அறிந்திருக்கும் அரசும் அதுவே.

அம்மன்றத்தில் அமர்ந்திருக்கும் உறுப்பினர்கள் தங்கள் தலைமையைக் கேள்வி கேட்பது பற்றியும், அக்கேள்வி கோல சிலாங்கூர் முதலான வட சிலாங்கூர் வட்டாரங்களின் தோட்டப்புறத்துக்கு ஏன் உயிர்நாடியாகிறது என்பது பற்றியும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. தமிழ் மாணவர்களாகிய நமக்கு நன்கு பழக்கமான ஒரு கருவி இவ்வாய்வுக்கு உதவுகிறது. பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்துக் காட்டிய ஆறு வினாக்களும் எட்டு விடைகளுமே அக்கருவி. தேர்வுக்காக மனனம் செய்து மறந்துவிடும் அவ்விலக்கணம், ஒரு மன்றக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வாசிக்கும்போது எவ்வளவு கூர்மையாகப் பயன்படுகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

மன்றம் யாரால் ஆனது?

தீபகற்ப மலேசியாவின் ஊராட்சி மன்றங்கள் 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. சட்ட எண் 171. அச்சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, ஒரு மன்றத்தில் தலைவர் ஒருவரும் எட்டுப் பேருக்குக் குறையாத, 24 பேருக்கு மேற்படாத உறுப்பினர்களும் இருப்பர். அனைவரையும் நியமிப்பது மாநில அரசு. உறுப்பினரின் தவணை மூன்றாண்டுகளுக்கு மேற்படலாகாது, மறுநியமனம் பெறலாம்.

யாரை நியமிக்கலாம் என்பதற்கும் சட்டம் வரையறை தருகிறது. ஊராட்சித் துறையில் பரந்த அனுபவம் உள்ளவர், தொழிலிலோ வாணிகத்திலோ சிறந்து விளங்குபவர், அல்லது அவ்வட்டாரத்தில் வாழும் தம் சமூகத்தின் நலனை எடுத்துரைக்கத் தக்கவர் என மூவகையினரை அது குறிப்பிடுகிறது. உறுப்பினர்களுள் பெரும்பாலோர் அவ்வட்டாரத்திலேயே வசிப்பவராகவும் இருத்தல் வேண்டும். நடைமுறையில் இந்நியமனங்கள் பெரும்பாலும் ஆளும் கட்சிகளின் பங்கீட்டின்படியே அமைகின்றன என்பது யாவரும் அறிந்ததே. என்றாலும், 'தம் சமூகத்தின் நலனை எடுத்துரைக்கத் தக்கவர்' என்னும் தகுதி சட்டத்தில் எழுதப்பட்டிருப்பதை நாம் மறக்கலாகாது. உறுப்பினர் கேள்வி கேட்பது கட்சி அவருக்குக் காட்டும் சலுகை அன்று. அவர் நியமனம் பெற்றதன் காரணமே அதுதான்.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. சிலாங்கூரில் மன்றத் தலைவர் நடைமுறையில் ஓர் அரசு அதிகாரி. கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவரும் அவரே. துறை அதிகாரிகளுக்கு ஆணையிடுபவரும் அவரே. கேள்வி கேட்கும் உறுப்பினரையும் பதில் சொல்லும் தலைவரையும் நியமித்தது ஒரே மாநில அரசு. வாக்காளரிடம் திரும்பிச் சென்று 'நான் கேட்டேன், அவர்கள் பதில் சொல்லவில்லை' என்று முறையிட உறுப்பினருக்குத் தேர்தல் இல்லை. ஆகவே, கூட்டத்தில் அவர் எழுப்பும் கேள்வியும், அது பதிவாகும் நடவடிக்கைக் குறிப்பும் மட்டுமே அவருடைய ஆயுதங்கள்.

அச்சட்டத்தின் 23ஆம் பிரிவு நம் கவனத்துக்கு உரியது. மன்றத்தின் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் செய்தியாளர்களுக்கும் திறந்தவை. மூடிய கூட்டம் வேண்டுமெனில் மன்றம் அக்கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். குழுக் கூட்டங்களுக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. அதாவது, முழு மன்றக் கூட்டத்தின் பார்வையாளர் இருக்கையில் நாம் அமர்வதற்குச் சட்டமே இடமளிக்கிறது. நம்மில் எத்தனை பேர் அங்கு அமர்ந்திருக்கிறோம் என்பது வேறு கேள்வி.

தேர்தல் இருந்த காலம்

ஊராட்சி மன்றங்கள் எப்போதும் நியமன மன்றங்களாகவே இருந்தன என்று எண்ணுவது தவறு. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனிலும் 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் நகராட்சித் தேர்தல்கள் நடைபெற்றன. 1957ஆம் ஆண்டு மாநகரத் தகுதி பெற்ற ஜார்ஜ் டவுனின் முதல் மேயராகத் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன் பொறுப்பேற்றார். ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி நகர மன்றத்தைத் தன் கோட்டையாக வைத்திருந்தது. மக்களின் வாக்கைப் பெற்றவர்கள் மன்றத்தில் கேள்வி கேட்டார்கள். பதில் சொல்லாதவர்கள் அடுத்த தேர்தலில் விலை கொடுத்தார்கள்.

இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், 1965 மார்ச் 1ஆம் நாள், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டு செனட்டர் ஆதி. நாகப்பன் தலைமையில் அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. ஊராட்சி மன்றங்களின் நிலையை ஆராய்ந்து 1968 டிசம்பரில் அவ்வாணையம் அறிக்கையை முடித்தது. தேர்தல் வழி அமையும் மன்றங்களே தொடர வேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரைகளுள் ஒன்று. அரசாங்கம் அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு ஊராட்சித் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஒரு தமிழர் தலைமை தாங்கிய ஆணையம் இந்நாட்டின் ஊராட்சி வரலாற்றில் இத்தகைய இடத்தைப் பெற்றிருப்பது நம் மாணவர் பலர் அறியாத செய்தி.

பின்னர் முயற்சிகள் நடவாமல் இல்லை. 2008க்குப் பின் சிலாங்கூர் அரசும் பினாங்கு அரசும் தேர்தலை மீட்க முனைந்தன. பினாங்கு 2012இல் தனிச் சட்டமே இயற்றியது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஆக, நியமன உறுப்பினரின் கேள்வியே நமக்கு எஞ்சியுள்ள வழி. அவ்வழியைச் செம்மைப்படுத்துவதே நடைமுறை அறிவு.

தோட்டம்: எல்லைக்கு உள்ளே, பார்வைக்கு வெளியே

கோல சிலாங்கூர் மாவட்டம் தோட்டங்களால் உருவான நிலம். மலாயாவில் வாணிக நோக்கில் செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்டது 1917இல், பத்தாங் பெர்ஜுந்தை அருகே உள்ள தென்னமரம் தோட்டத்தில். அச்சிற்றூரின் பெயர் 2007இல் பெஸ்தாரி ஜெயா என மாற்றப்பட்டது. ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் எனச் சாலைநெடுக முதலில் பால்மரமும் பின்னர்ச் செம்பனையும் நின்றன. அவற்றின் நடுவே லயங்களும் ஆயாக் கொட்டகையும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் எழுந்தன. கோல சிலாங்கூர் மாவட்ட மன்றம் 2021இல் நகராண்மைக் கழகமாக உயர்வு பெற்றது. அண்டை மாவட்டமான உலு சிலாங்கூரின் மன்றமும் அதே ஆண்டில் அத்தகுதியை எய்தியது. வடக்கே சபாக் பெர்ணமுக்குத் தனி ஊராட்சி மன்றம் உண்டு.

வரைபடத்தில் தோட்டங்கள் இம்மன்றங்களின் எல்லைக்கு உள்ளேதான் உள்ளன. ஆனால், சேவை பெரும்பாலும் தோட்டத்தின் முகப்போடு நின்றுவிடுகிறது. காரணம் ஒரே சொல்லில் அடங்கும்: தனியார் நிலம். தோட்டத்துப் பாதையும் வடிகாலும் நிர்வாகத்தின் சொத்து. குப்பையைக் குழி தோண்டிப் புதைப்பதும் நிர்வாகத்தின் வேலை என்பது பழைய வழக்கம்.

இந்நிலை வரலாற்றிலேயே வேரூன்றியது. அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமங்களுக்கு 1952ஆம் ஆண்டு உள்ளூர் மன்றச் சட்டத்தின்வழி தேர்தல் மன்றங்கள் கிடைத்தன. அதே காலத்தில் தோட்டத் தொழிலாளர்களின் குடியிருப்புகளும் பாதுகாப்பைக் காரணம் காட்டி வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. ஆயினும், தோட்டம் முதலாளியின் நிலம் ஆதலால் அதற்கென ஒரு மன்றம் வாய்க்கவில்லை. கிராமத்தான் உறுப்பினரைக் கேட்டான். தோட்டத்தான் கிராணியைக் கேட்டான். கிராணி துரையைக் கேட்டார். கேள்வி அதோடு முடிந்தது.

தோட்ட மக்கள் கேட்கத் தெரியாதவர்கள் என்று எவரும் கூறிவிட முடியாது. 1941ஆம் ஆண்டு சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிப் பரவிய தோட்ட வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். சம்பளத்தோடு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, முறையான மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமை, அதிகாரிகளின் முன்னிலையில் சைக்கிளில் செல்லும் உரிமை ஆகியவையும் அப்பட்டியலில் இருந்தன. இன்றைய மொழியில் கூறினால் அவற்றுட் பல சமூகச் சேவை பற்றிய கேள்விகள். அவற்றைக் கேட்பதற்கு ஒரு மன்றம் இல்லாததால் அவை வேலைநிறுத்தமாக வெடித்தன. அரசு அவசரநிலையை அறிவித்துப் படையை அனுப்பியது.

நிலம் உடையவனுக்கே ஊராட்சி என்னும் சிந்தனை ஆங்கிலேயர் கொண்டுவந்தது மட்டுமன்று. குடவோலை முறைக்குச் சான்றாக நாம் பெருமையோடு எடுத்துக்காட்டும் உத்தரமேரூர்க் கல்வெட்டையே காண்போம். முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 921இல் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டு, முப்பது குடும்புகளிலிருந்து ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை விவரிக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் குடத்தில் பெயரிடத் தகாதவர் என்ற விதி இன்றைக்கும் போற்றத்தக்கது. ஆனால், அதே கல்வெட்டு, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராகவும் சொந்த மனையில் வீடு கட்டியவராகவும் இருத்தல் வேண்டும் என்றும் கூறுகிறது. சொந்த மனையற்ற உழைப்பாளிக்கு அங்கும் இடமில்லை. பெருமையோடு இதனையும் சேர்த்துப் படிப்பதே முறையான வாசிப்பு.

இலங்கை மலையகத்தின் பாடம்

நம்மை ஒத்த தோட்டச் சமூகம் ஒன்று இதே சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டது என்பதை ஒப்பு நோக்குவது பயன்தரும். இலங்கையின் 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளில் செலவிடுவதற்குத் தடையாக அமைந்திருந்தது. மலையகத் தமிழர் வாக்களித்தனர்; அவர்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் சபையில் அமர்ந்தனர். ஆனால், அவ்வுறுப்பினர்களால் தங்கள் லயத்துப் பாதைக்குச் சபையின் பணத்தை ஒதுக்க இயலவில்லை. 2018இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டுத் தோட்டங்களுக்கும் சேவை வழங்க வழி பிறந்தது. இடையில் கழிந்தவை 31 ஆண்டுகள்.

இதில் நமக்கு இரு பாடங்கள் உள்ளன. வாக்கு மட்டும் இருந்தால் போதாது என்பது ஒன்று. தடை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் உள்ளது என்று தெரிந்திருந்ததால்தான் அவர்களால் அதைத் திருத்தச் சொல்லிக் கேட்க முடிந்தது என்பது மற்றொன்று. 'தனியார் நிலம்' என்று பொதுவாகச் சொல்லப்படும் பதிலைத் திருத்த முடியாது. 33ஆம் பிரிவைத் திருத்த முடியும்.

வினாவின் இலக்கணம்

இனி, நன்னூலுக்கு வருவோம். அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என வினா ஆறு வகைப்படும். மன்றக் கூட்டத்தில் இவை அனைத்தும் கேட்கப்படுகின்றன.

உறுப்பினர் விடை தெரியாமல் கேட்பது அறியா வினா. மன்ற எல்லைக்குள் மக்கள் குடியிருக்கும் லயங்கள் எத்தனை என்பது அதற்கு எடுத்துக்காட்டு. குறிப்பிட்ட பாதை மன்றத்துக்கு உரியதா, தோட்டத்துக்கு உரியதா என்பது ஐய வினா. 'விளையாட்டுத் திடலுக்கு ஒதுக்கீடு உண்டா?' என்பது பெறும் நோக்கில் எழுவதால் கொளல் வினா. 'இலவச மரக்கன்று வேண்டாத குடியிருப்பு ஏதேனும் உண்டா?' என்பது கொடை வினா. 'சென்ற கூட்டத்தில் சொன்ன வடிகால் பணியை முடித்துவிட்டீர்களா?' என்பது ஏவல் வினா. விடையை ஆவணத்தோடு கையில் வைத்துக்கொண்டு, தலைமையின் வாயால் அது வெளிவர வேண்டும் என்பதற்காகக் கேட்பது அறிவினா. ஆசிரியர் மாணவரிடம் கேட்பது போன்றது அது.

நம் உறுப்பினர்கள் பெரும்பாலும் கொளல் வினாவோடு நின்றுவிடுகின்றனர். ஒதுக்கீடு கேட்பது, மானியம் கேட்பது, கூடாரம் கேட்பது. அவையும் வேண்டியவையே. ஆயினும், கொளல் வினா கேட்பவரை இரப்பவராக்குகிறது. அறிவினாவும் ஏவல் வினாவும் அவரை உரிமையோடு கேட்பவராக்குகின்றன.

விடைக்கு வருவோம். சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரடி விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் மறைமுகமானவை. குறிப்பால் பொருள் தருபவை. ஓர் உறுப்பினர் 'இந்தத் தோட்டத்து லயங்களில் மன்றம் குப்பை எடுக்குமா?' என்று கேட்பதாகக் கொள்வோம். வரக்கூடிய விடைகளை வகைப்படுத்திப் பார்க்கலாம்.

'எடுக்கும்' என்பது நேர் விடை.

'எடுக்காது' என்பது மறை விடை.

'சென்ற மாதச் சுற்றறிக்கையில் உள்ளது. இதோ பாருங்கள்' என்பது சுட்டு விடை.

'தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள்' என்பது ஏவல் விடை.

'அது தனியார் நிலம் அல்லவா?' என்பது வினா எதிர் வினாதல்.

'இவ்வாண்டு ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது' என்பது உற்றது உரைத்தல்.

'இங்கு எடுத்தால் எல்லாத் தோட்டங்களும் கேட்கும்' என்பது உறுவது கூறல்.

'பக்கத்துத் தாமானில் புதிய குப்பைத் தொட்டிகள் வைத்துள்ளோம்' என்பது இனமொழி விடை.

இப்பட்டியலின் கடைசி ஐந்து விடைகளும் 'எடுக்காது' என்றே பொருள் தருகின்றன. ஆனால், அச்சொல் குறிப்பேட்டில் இடம்பெறாது. தோட்டப்புறத்தின் சிக்கல் இங்குதான் உள்ளது. அதற்கு யாரும் முடியாது என்று சொன்னதில்லை. பல பத்தாண்டுகளாக ஐந்து மறைமுக விடைகளால் அதனைக் காக்க வைத்துள்ளனர். வெளிப்படையான மறுப்புக்குக் காரணம் கேட்கலாம். அக்காரணத்தை மாநில ஆட்சிக்குழுவிடமும் நாளேட்டிடமும் வேண்டுமெனில் நீதிமன்றத்திடமும் கொண்டு செல்லலாம். சொல்லப்படாத மறுப்பை எங்கும் கொண்டு செல்ல முடியாது. ஆகவே, தோட்டப்புறத்துக்காகப் பேசும் உறுப்பினரின் முதற்பணி, நேர் அல்லது மறை என்னும் இரண்டில் ஒன்றை எழுத்தில் பெறுவது. மறை விடை கிடைப்பதும் ஒரு முன்னேற்றமே.

இதற்கு வினாவைப் பிரித்துக் கேட்கப் பழக வேண்டும். 'லயங்களின் நிலை மோசமாக உள்ளது; மன்றம் நடவடிக்கை எடுக்குமா?' என்பது நம் வழக்கமான கேள்வி. 'எடுக்கும்' என்ற விடையோடு அது மறைந்துவிடும். அதனையே பின்வருமாறு பிரிக்கலாம். ஒன்று: மன்ற எல்லைக்குள் குடியிருப்பு உள்ள தோட்டங்களின் பட்டியல் மன்றத்திடம் உள்ளதா? இரண்டு: அவற்றுள் குப்பை அகற்றும் சேவை பெறுபவை எவை, பெறாதவை எவை? மூன்று: பெறாதவற்றுக்குச் சேவை வழங்கச் சட்டத் தடை உண்டெனில், அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு? நான்கு: பொதுச் சாலையிலிருந்து லயம்வரை செல்லும் பாதை பொதுப்பாதையாக அரசிதழில் பதிவாகியுள்ளதா? இந்நான்குக்கும் 'அது தனியார் நிலம் அல்லவா?' என்பது விடையாகாது.

யாரிடம் கேட்பது என்பதும் இலக்கணத்தின் ஒரு பகுதியே. தோட்ட வீடுகளின் தரம், குடிநீர், ஆயாக் கொட்டகை போன்றவை 1990ஆம் ஆண்டின் 446ஆம் எண் சட்டத்தின்கீழ் வருபவை. அவற்றைக் கண்காணிப்பது மனிதவள அமைச்சின் தொழிலாளர் துறை. தமிழ்ப்பள்ளி கல்வி அமைச்சின்கீழும் மருந்தகம் சுகாதார அமைச்சின்கீழும் நிலப்பட்டா மாநில அரசின் நில அலுவலகத்தின்கீழும் உள்ளன. கதவு மாறித் தட்டினால் 'அங்கே போய்க் கேளுங்கள்' என்ற ஏவல் விடைதான் கிடைக்கும்; அவ்விடையில் தவறும் இருக்காது. மன்றத்தின் கையில் ஐயத்துக்கு இடமின்றி உள்ள பெரிய அதிகாரம் திட்டமிடல். தோட்டத்தின் எதிர்காலமும் அதில்தான் அடங்கியுள்ளது.

கேள்விக்கும் காலம் உண்டு

வட சிலாங்கூரின் நிலம் இந்தக் கால் நூற்றாண்டில் வேகமாக மாறியது. கத்ரி நெடுஞ்சாலை 2005இலும், ஈஜோக் வரை வரும் லாத்தார் நெடுஞ்சாலை 2011இலும் திறக்கப்பட்டன. புஞ்சாக் ஆலாம் நகரமாக வளர்ந்தது. பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர்ப் பல்கலைக்கழகம் எழுந்தது. சாலை வந்தால் நிலத்தின் விலை ஏறும். விலை ஏறினால் செம்பனை நிலம் வீட்டு நிலமாகும். இன்னொரு வகை வளர்ச்சியும் இவ்வட்டாரத்துக்கு வந்தது. கோலாலம்பூரின் குப்பையை ஏற்கும் புக்கிட் தாகார் குப்பை நிலம் 2005இலும், ஜெராம் குப்பை நிலம் 2007இலும் செயற்படத் தொடங்கின. தலைநகரின் குப்பைக்கு இடம் ஒதுக்கிய திட்டமிடல், அதே வட்டாரத்து லயங்களின் குப்பையை எவர் எடுப்பது என்பதையும் தீர்மானித்ததா என்பது உறுப்பினர் ஒருவர் கேட்கத்தக்க அறிவினா.

தோட்ட நிலம் மாறும்போது அது பல படிகளைக் கடக்கிறது. உள்ளூர்த் திட்டத்தில் நிலத்தின் பயன்பாடு வரையறுக்கப்படுகிறது. பின்னர் நில வகை மாற்றம், திட்டமிடல் அனுமதி, கட்டட வரைபட ஒப்புதல். இறுதியில் மண்வாரி இயந்திரம். நம் மக்கள் பெரும்பாலும் கேள்வி எழுப்புவது கடைசிப் படியில். அப்போது கோயிலும் லயமும் 'ஆக்கிரமிப்பு' என்னும் பெயரைப் பெற்றுவிடுகின்றன; கேட்பதற்கு நீதிமன்றம் ஒன்றே எஞ்சுகிறது.

1976ஆம் ஆண்டின் 172ஆம் எண் சட்டமான நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் இதனை நன்கு விளக்குகிறது. உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் திட்டமிடல் அனுமதிக்கு விண்ணப்பம் வந்தால், அண்டை நிலத்தின் உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும்; 21 நாளுக்குள் அவர்கள் மறுப்புத் தெரிவிக்கலாம். உரிமையாளர் என்பதே அங்குச் சொல். மூன்று தலைமுறை வாழ்ந்தும் பட்டா இல்லாத தோட்டக் குடும்பத்துக்கு அவ்வறிவிப்பு வராது. ஆனால், உள்ளூர்த் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது நிலைமை வேறு. குறைந்தது நான்கு வார கால அவகாசம் உண்டு. கருத்தும் மறுப்பும் தெரிவிக்கப் பட்டா தேவையில்லை. நிலமற்றவருக்குத் திறந்திருக்கும் பெரிய வாசல் அது. அவ்வாசல் திறக்கும் நாளைத் தோட்டத்துக்கு முன்கூட்டியே சொல்வது உறுப்பினரின் கடமை.

அடுத்த வாய்ப்பு, திட்டமிடல் அனுமதி. மன்றம் அனுமதி வழங்கும்போது நிபந்தனைகள் விதிக்க 22ஆம் பிரிவு இடமளிக்கிறது. 'இந்நிலத்தில் குடியிருப்போர் எத்தனை குடும்பம்? அவர்களின் மாற்று வீடு எந்த மனையில் குறிக்கப்பட்டுள்ளது? கோயிலும் பள்ளியும் வரைபடத்தில் உள்ளனவா?' என்று உறுப்பினர் கேட்டுப் பதிவு செய்ய வேண்டிய நேரம் அதுவே. வாய்மொழி வாக்குறுதி நிர்வாகம் மாறினால் மறைந்துவிடும். அனுமதியில் எழுதப்பட்ட நிபந்தனை நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

காலம் தவறினால் என்ன நேரும் என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. பெஸ்தாரி ஜெயாவை ஒட்டி, உலு சிலாங்கூர் மாவட்டத்தில் உள்ள மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருந்தன. மே 2024இல் நடைபெற்ற கோல குபு பாரு இடைத்தேர்தலின்போது அவர்களின் வீட்டுச் சிக்கலை நாடே பேசியது. 20 ஏக்கர் நிலத்தில் அவர்களுக்கு வீடு கட்டும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. 2007 ஏப்ரலில் ஈஜோக் சட்டமன்ற இடைத்தேர்தல் நடந்தபோதும், சாலைகளும் விளக்குகளும் சில வாரங்களில் சீர்பெற்ற செய்திகள் நாளேடுகளை நிறைத்தன. இடைத்தேர்தல் வந்தால் மட்டும் கிடைக்கும் சேவை, மன்றக் கேள்வி தோற்றுப்போன இடத்தைக் காட்டும் அடையாளம். ஒரு தொகுதிக்கு எப்போதோ ஒருமுறை வருவது இடைத்தேர்தல். மன்றமோ மாதந்தோறும் கூடுகிறது.

மாணவர் ஆற்றக்கூடிய பணி

நம்முள் பலர் தோட்டத்தில் பிறந்தவரின் பிள்ளைகள். சிலர் இன்றும் விடுமுறைக்குத் தோட்டத்துக்கே திரும்புபவர்கள். சட்டம், நில அளவை, நகரத் திட்டமிடல், ஊடகம், மொழியியல் எனப் பல துறைகளில் பயில்கிறோம். உறுப்பினருக்குக் குறை இருப்பது துணிவில் மட்டும் அன்று, தரவிலும்தான். லயத்தின் வரைபடம், குடும்பங்களின் எண்ணிக்கை, பாதையின் நீளம், வடிகாலின் படம், பழைய வாக்குறுதிக் கடிதத்தின் நகல் ஆகியவை இருந்தால் அறியா வினா அறிவினாவாகிவிடும். இவற்றைத் திரட்டுவதற்கு ஒரு வார விடுமுறை போதும்.

சிலாங்கூர் மாநிலம் 2011இல் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. மாநிலத் துறைகளிடமும் ஊராட்சி மன்றங்களிடமும் எழுத்துவழி விண்ணப்பித்துத் தகவல் பெற அது வழிசெய்கிறது. எல்லா மாநிலங்களுக்கும் வாய்க்காத கருவி இது. பேரவை உறுப்பினர் நால்வர் சேர்ந்து ஒரு தோட்டத்துக்காக ஒரு விண்ணப்பம் எழுதினால், அது ஆயிரம் வார்த்தை மேடைப் பேச்சைவிடப் பயனுள்ள தமிழ்ப்பணியாகும்.

கேள்வியை மலாய் மொழியில் சமர்ப்பிக்க வேண்டியுள்ளது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். தோட்டத்துப் பாட்டி தமிழில் சொல்லும் குறையை, பொருள் சிதையாமல், விடை தப்பிச் செல்ல முடியாத மலாய் வினாவாக மாற்றுவதற்கு இருமொழிப் புலமை தேவை. அது நம்மிடம் உள்ளது.

முடிவுரை

ஊராட்சி மன்றத்தில் தோட்டப்புறத்துக்கு வாக்கு இல்லை, பட்டா இல்லை, மதிப்பீட்டு வரி இரசீதும் இல்லை. அதற்கு இருப்பது யாரேனும் ஒருவர் அதன் பெயரால் கேட்கும் கேள்வி மட்டுமே. அக்கேள்வி உரிய காலத்தில், உரிய இடத்தில், நேர் அல்லது மறை என்று விடை வரும்படி கேட்கப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் முடிபு. மறைமுக விடைகள் ஐந்தையும் இனங்கண்டு, 'இது விடை அன்று' என்று பணிவோடு மறுத்துக் கூறத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் போதும். ஒரு மன்றத்தின் குறிப்பேடு மாறும். லயங்கள் முற்றிலும் மறைவதற்குள் அத்தகைய உறுப்பினருக்குத் துணைநிற்பதும், நாளை நாமே அவ்விருக்கையில் அமரத் தகுதி பெறுவதும் நம் தலைமுறையின் கடன்.